வலப்பக்கம் பார்க்கும் அம்பு

கூலி என்ன வேண்டும் என்று அசன் முகம்மது கேட்டார். பணம் வேண்டாம், ஏழாம் நம்பர் சிபியு போதும் என்றான் புகழேந்தி.

அசன் முகம்மது கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகம் அவருடையது. சீசன் முடிந்ததும் காலண்டர், டைரி. கீழே ஆப்செட் மெஷின்கள், மாடியில் டிசைன் ரூம். அந்த அறையில் ஒன்பது மேசை, ஒன்பது கம்ப்யூட்டர். ஒன்பதும் பழசு. புது விண்டோஸ் அவற்றில் ஏறாது. பழைய விண்டோஸை இந்த அக்டோபரோடு கைகழுவிவிடப் போவதாகக் கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் ஒன்பது புதுசு வாங்கியிருந்தார். பழையவற்றை விருதுநகரிலிருந்து வரும் பழைய சாமான் வியாபாரி எடுத்துக்கொள்வான். அவன் வருவதற்குள் ஒவ்வொரு டிஸ்க்கையும் அழித்து வைத்துவிட்டு, புதுசுகளைப் பூட்டிக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் புகழேந்திக்கு அதுதான் வேலை.

“அது எட்டு மாசமா மூடிக் கெடக்கேப்பா. ஓடுமோ என்னமோ.”

“ஓடாட்டியும் சரி பாய்.”

அசன் முகம்மது அவன் முகத்தைப் பார்த்தார். 

“எடுத்துக்க. ஆனா மத்த எட்டையும் சுத்தமா அழிச்சிரணும். சும்மா டெலிட் போட்டுட்டு எந்திரிச்சு வந்துராத. நம்ம லேபிள் வெளிய போச்சுன்னா பத்தாம் நாள் அடுத்தவன் பெட்டியில இருந்து நம்மளப் பாத்துச் சிரிக்கும்.”

“யாராலயும் திரும்ப எடுக்க முடியாதபடி அழிச்சிருவேன்.”

சொன்னபடியே செய்தான். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஏழாம் நம்பர் அவன் மனைவி பானுப்பிரியா வேலை பார்த்த கம்ப்யூட்டர். ஆறு வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்து லேபிள் வடிவமைத்தாள். தை மாதத்தில் நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் அவள் இல்லை. புகழேந்திக்கு முப்பத்தொரு வயது. அழுதானா என்று ஊரில் சிலர் கேட்டுக்கொண்டார்கள். அவனுக்கே சரியாக நினைவில்லை. சேலைகளை அவள் அம்மா கொண்டுபோனாள். போனில் நிறையப் படங்கள் இருந்தன. அவற்றில் எல்லாம் யாரோ நிற்கச் சொல்ல அவள் நின்றிருந்தாள். அந்த ஏழாம் நம்பர் திரை அப்படியல்ல. அங்கே எதை எங்கே வைப்பது என்பதை அவள் தனக்காகத் தீர்மானித்து, தன் கையால் வைத்திருந்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது. எட்டு மாதமாக அந்த மேசைப் பக்கம் அவன் போகவில்லை. போக வேண்டும் என்று தோன்றவும் இல்லை. பழைய சாமான் வியாபாரி வரப்போகிறான் என்று கேட்டபிறகுதான் அது வேண்டும் என்று தோன்றியது. எட்டு மாதத்தில் அவனுக்கு வேண்டும் என்று தோன்றிய ஒரே பொருள் அது.

பானுப்பிரியா எல்லாவற்றையும் இடது கையால் செய்வாள். பிறவியில் அப்படி இல்லை. விஸ்வநத்தத்தில் அவள் பதினோரு வயதில், பக்கத்து வீட்டுத் திண்ணையில் காயவைத்திருந்த மத்தாப்பு மருந்து தீப்பிடித்தது. வலது கையில் மூன்று விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. அந்த விரல்களால் மவுஸைப் பிடிக்க வராது. இடது கைக்கு மாறி, அதிலேயே பட்டம் வரை எழுதி முடித்தாள்.

அவள் திரை மற்றவர்கள் திரை மாதிரி இருக்காது. எல்லோருக்கும் கீழே படுத்திருக்கும் டாஸ்க்பார் பட்டை அவளுக்கு இடது ஓரத்தில் நின்றுகொண்டிருக்கும். “லேபிள் உயரமாத்தான வருது? கீழ பட்டையப் போட்டு ரெண்டு விரக்கடை உயரத்தை எதுக்கு முழுங்கணும்? அகலந்தான் சும்மா கெடக்குல்ல” என்பாள். பின்னால் இருக்கும் படத்தையும் அவளே செய்துகொண்டாள். படம் என்று சொல்ல முடியாது. இடமிருந்து வலமாக மூன்று வண்ணப் பத்தி. மஞ்சள், பச்சை, சிவப்பு. புதிதாக வந்த ஆர்டர் மஞ்சளில் இருக்கும். ஆர்டர் கொடுத்த பார்ட்டிக்குச் சரிபார்க்கப் புரூஃப் போயிருந்தால் பச்சைக்கு நகரும். பார்ட்டி ஓகே சொன்னதும் சிவப்புக்குப் போகும். பட்டாசு ஆலையில் அவள் அம்மா பெட்டி போடும் பலகையின் ஒழுங்கு அது. காலிப் பெட்டி இடப்பக்கம், நிரம்பியது வலப்பக்கம், நடுவில் கை. ரீசைக்கிள் பின் மட்டும் தனியாக வலது கீழ் மூலையில் இருக்கும். அதை மேக் கம்ப்யூட்டரில் பார்த்து எடுத்தாள்.

அதைச் சொல்லித்தான் அவர்களுக்குள் முதல் சண்டை வந்தது.

புகழேந்தி கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன். யார் யாரிடமிருந்து எதை எடுத்தார்கள் என்பதைப் பற்றி மூன்றாம் வருஷத்தில் ஒரு கட்டுரை வாசித்தான். திரையில் ஜன்னல், படக்குறி, மவுஸ் எல்லாம் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒன்றாக உருவாகி நின்றன. மேக்காரர்கள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். விண்டோஸ்காரர்கள் மேக்கைப் பார்த்தார்கள். வழக்கு நடந்தது, மேக்காரர்கள் தோற்றார்கள். பிறகு லினக்ஸ்காரர்கள் இரண்டு பேரையும் பார்த்தார்கள். கடைசியில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்றே தெரியாமல் போனது. நாலு வருஷம் முன்னால் புது விண்டோஸ் வந்தபோது, கீழ்ப்பட்டையில் மூலையில் கிடந்ததெல்லாம் மேக்கில் இருப்பது போல நடுவுக்கு வந்து உட்கார்ந்திருந்தது. அவன் அதைக் காட்டி, “பூரா காப்பி. வெக்கமே கிடையாது” என்றான்.

அவள் சிரித்தாள். “நீங்க யாருகிட்டச் சொல்றீக? எங்க பிரஸ்ல பார்ட்டி வரும்போதே அடுத்தவன் பெட்டியக் கையில தூக்கிட்டுத்தான் வாராக. இதே மாதிரி வேணும், ஆனா இதா இருக்கக் கூடாதும்பாக. ஒரு கலர மாத்தி, மயில் கழுத்தத் திருப்பி வச்சா முடிஞ்சுபோச்சு.”

“அதான் தப்புங்கேன்.”

“என்ன தப்பு? கடைக்காரரு கை பழகுன கலருக்குத்தான் போகும். கை எங்க போகுதோ அங்கன பொருள் இருக்கணும். யாரு மொதல்ல வச்சான்னு கைக்குத் தெரியுமாக்கும்?”

“கண்டுபிடிச்சவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?”

“மரியாதை இல்லாமயா எல்லாரும் எடுத்துக்கிடுதாக?”

 இரண்டு நாள் கழித்து அவனுக்கு ஒரு பதில் தோன்றியது. அதற்குள் அவள் வேறு பேச்சுக்குப் போயிருந்தாள்.

அந்தத் திரையில் அவன் செய்து கொடுத்தது ஒன்றே ஒன்று. மவுஸ் அம்பு. எந்தக் கம்ப்யூட்டரிலும் அம்பின் நுனி இடப்பக்கம் சாய்ந்துதான் பார்க்கும். முதன்முதலில் அது நேராக மேலே பார்த்தது. அந்தக் காலத்துத் திரையில் நேர்க்கோடு தெளிவாகத் தெரியவில்லை என்று சாய்த்தார்கள். திரை தெளிந்து நாற்பது வருஷம் ஆகிவிட்டது. சாய்வை மட்டும் ஒருவர் விடாமல் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். வலது கைக்காரர்களுக்கு அது உறுத்தாது, சுட்டுவிரல் நீட்டும் திசை அதுதான். பானுப்பிரியாவுக்கு உறுத்தியது. “என் கை ஒரு பக்கம் போகுது, அம்பு ஒரு பக்கம் பாக்குது” என்றாள் ஒருநாள். அவன் தேடிப் பிடித்து, வலப்பக்கம் பார்க்கும் அம்பு ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். மவுஸ் பொத்தான்களையும் இடம் மாற்றி வைத்தான். அவள் கொஞ்ச நேரம் அம்பைத் திரை முழுக்க ஓட்டிப் பார்த்தாள். “இப்பத்தான் இது எங்கையி” என்றாள்.

ஆயுத பூஜை அன்று மாலை புதுக் கம்ப்யூட்டர்களை வேனில் ஏற்றிக்கொண்டு அச்சகத்துக்குப் போனான் புகழேந்தி. பூஜை தொழிலாளர்கள் நடத்துவது. பொரி, கடலை, சுண்டல், வாழைப்பழம் எல்லாம் அசன் முகம்மது வாங்கிக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பார். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். இந்த வருஷம் அவர் பக்கத்தில் புகழேந்தியும் நின்றான். துக்கம் நடந்து வருஷம் திரும்பாத வீட்டுக்காரன் பூஜைக்குள் போகக் கூடாது.

“உள்ள போகாத ஆளு நாம ரெண்டு பேருதான்” என்றார் அசன் முகம்மது. பொரிப் பொட்டலத்தை நீட்டினார். அவன் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

கதவு வழியாக உள்ளே தெரிந்தது. மெஷின்களுக்கு மாலை போட்டிருந்தார்கள். மாடியிலிருந்து ஒன்பது சிபியுவையும் இறக்கி, வாழையிலை விரித்து அதன்மேல் வரிசையாக வைத்திருந்தார்கள். விற்கப்போகிற சாமான் என்றாலும் இத்தனை வருஷம் சோறு போட்டது, ஒரு பொட்டு வைக்காமல் அனுப்பக் கூடாது என்று பெண்கள் சொல்லிவிட்டார்களாம். துடைத்துக் கழுவியது போல மின்னின. ஒவ்வொன்றிலும் மூன்று விரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். ஏழாம் நம்பர் எது என்று புகழேந்தி தேடினான். அந்தத் தூரத்தில் தெரியவில்லை. சாம்பிராணிப் புகை வேறு. நாளைக்கு அதன் மேசையில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது அந்த அறையின் வழக்கம். அதைக் கொண்டுவந்தவளும் பானுப்பிரியாதான்.

மறுநாள் அச்சகம் விடுமுறை. காலை ஒன்பது மணிக்குச் சாவி வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனான். பெண்கள் முந்தின இரவே சிபியுக்களை மேலே கொண்டுவந்து மேசைகளுக்கு அடியில் வைத்திருந்தார்கள். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. லேபிள் வெட்டிய தாளில் எண் எழுதி முன்பக்கம் ஒட்டியிருப்பார்கள், அந்த எண்கள் ஒன்றிலும் இல்லை. மேசைகளில் மட்டும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒன்று முதல் ஒன்பது வரை இருந்தது. அது போதும் என்று நினைத்தான். ஏழாம் மேசைக்கு அடியில் ஒரு சிபியு இருப்பதைப் பார்த்துக்கொண்டான். அதைத் தொடவில்லை.

மற்ற எட்டையும் ஒவ்வொன்றாக எடுத்தான். அச்சக வேலைகள் எல்லாம் தனியாக ஒரு கம்ப்யூட்டரில் சேமிக்கப்பட்டிருந்தன, பிரதி எடுக்க வேண்டியது எதுவும் இல்லை. பென் டிரைவைச் செருகுவான். டிஸ்க்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பூஜ்யமாக எழுதிக்கொண்டே போகும் நிரல் அதில் இருந்தது. விண்டோஸ் எழுந்திருப்பதற்கு முன்பே அது தொடங்கிவிடும். யாருடைய திரையையும் அவன் பார்க்கவில்லை. கருப்புத் திரையில் சதவீதம் மட்டும் ஏறியது. நூறு வந்ததும் அடுத்தது. மூன்று மானிட்டர்களில் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, கீழே கடையில் டீ குடித்துவிட்டு வந்தான். மூன்று மணி வாக்கில் எட்டும் முடிந்தது.

அதற்குப் பிறகு ஏழாம் மேசையில் உட்கார்ந்தான். நாற்காலி அவள் உயரத்துக்கு இறக்கி வைத்தபடியே இருந்தது. முழங்கால் இடித்தது. ஒருமுறை பார்த்துவிட்டுக் கட்டி எடுத்துப் போகலாம் என்று பொத்தானை அழுத்தினான்.

ஓடியது.

இடது ஓரத்தில் பட்டை எழுந்து நின்றது. மஞ்சள், பச்சை, சிவப்பு. மஞ்சளில் நாலு ஃபோல்டர், பச்சையில் இரண்டு, சிவப்பில் ஒரு கும்பல். வலது கீழ் மூலையில் ரீசைக்கிள் பின்.  கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தான். தெருவில் எங்கோ வெடி வெடித்தது. அப்புறம்தான் மவுஸைத் தொட்டான்.

அம்பு இடப்பக்கம் பார்த்தது.

அவன் மவுஸை நகர்த்தினான். அம்பு நகர்ந்தது, இடப்பக்கம் பார்த்தபடியே. பச்சைப் பத்தியில் ஒரு படம் இருந்தது. அதன் பெயரைப் படித்தான். ‘பாப்பா ஆதார்’. அவர்களுக்குக் குழந்தை இல்லை. திறந்தான். ஆறு வயதுச் சிறுமியின் ஆதார் அட்டை. தாய் பெயர் மாடத்தி.

எழுந்து ஒன்றாம் மேசையிலிருந்து ஒன்பதாம் மேசை வரை நடந்தான். எட்டுக் கருப்புப் பெட்டிகள். ஒன்றுபோலச் சந்தனம். அந்த எட்டில் ஒன்று பானுப்பிரியாவுடையது. எது என்று இனி அவனாலும் சொல்ல முடியாது.

போனை எடுத்து மாடத்தியைக் கூப்பிட்டான். அவள் நாலாம் மேசையில் வேலை பார்ப்பவள், பானுப்பிரியாவின் தோழி.

“மாடத்தி, நேத்துப் பூஜை முடிஞ்சு சிபியுவெல்லாம் யாரு மேல வச்சது?”

“நாங்கதான் அண்ணே. நானும் மெகருன்னிசாக்காவும். ஏன் அண்ணே?”

“நம்பரு எங்க போச்சு?”

“தொடைக்கும்போது ஊறி வந்துருச்சு. தாளு தான? புதுசா எழுதி ஒட்டலாம்னு இருந்தோம், மறந்துபோச்சு. எல்லாம் விக்கப்போறதுதானன்னு ஒரு குத்துமதிப்பா வச்சுட்டோம் அண்ணே.”

அவன் எட்டுப் பெட்டிகளையும் மறுபடி பார்த்தான்.

“அண்ணே? என்னண்ணே ஆச்சு?”

“ஏழுல உன்னோடது இருக்கு.”

 “இந்தா வந்துட்டேன்” என்றாள் மாடத்தி.

அரை மணி நேரத்தில் வந்தாள். பக்கத்துத் தெருவிலிருந்து மெகருன்னிசாவையும் கூட்டி வந்திருந்தாள். மெகருன்னிசா அந்த அறையில் மூத்தவள், இரண்டாம் மேசைக்காரி. ஏழாம் நம்பரை அவன் கேட்டு வாங்கியது இருவருக்கும் தெரியாது. அவன் இரண்டு வாக்கியத்தில் சொன்னான். மாடத்தி தரையில் உட்கார்ந்து முகத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?” என்றாள் மெகருன்னிசா. “அத மட்டும் தனியா எடுத்து வச்சிருப்போமே.”

“சொல்லத் தோணல அக்கா.”

“அழிச்சத எடுக்கவே முடியாதா? கடையில குடுத்தா எடுத்துக் குடுப்பாகளே.”

“முடியாதபடிதான் அழிச்சேன்.”

மாடத்தி தலையைத் தூக்கினாள். “அண்ணே, இதையே எடுத்துட்டுப் போங்க. இது அவ போட்டுக் குடுத்ததுதான். ஒருநாள் சாப்பாட்டு நேரத்துல, உன் திரை எனக்கும் வேணும்டின்னேன். டிபன் பாக்ஸ மூடி வச்சுட்டு இங்கன உக்காந்து அம்புட்டையும் அவ கையால செஞ்சு குடுத்தா. என்னோடதுன்னு இதுல ஒண்ணுமே இல்லண்ணே.”

“உன் மக ஆதார் இருக்கு.”

அவள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இவளுக்கு மட்டுமா செஞ்சா?” என்றாள் மெகருன்னிசா. “எனக்கு அந்த மூணு கலரு. மஞ்ச கண்ணக் கூசுதுன்னு நான் நீலமா மாத்திக்கிட்டேன். பாத்துட்டு, ‘அக்கா, காப்பியடிச்சாலும் ஒரு கலர மாத்திட்டீக பாத்தீகளா, நீங்க சிவகாசிக்காரிதான்’னா. அஞ்சாம் மேசை மாரிசெல்வி பட்டைய மட்டும் எடுத்துக்கிட்டா. கடைசி மேசைக்காரி குப்பைய மூலைல போடுறத. எவ மேசைக்குப் போனாலும் அவளோடது ஏதாவது ஒண்ணு இருக்கும் தம்பி. உங்களுக்குத் தெரியாதா?”

அவனுக்குத் தெரியாது. எட்டுத் திரைகள் எழுந்திருப்பதற்கு முன்பே அவற்றை அழித்துவிட்டான்.

நாற்காலியை இழுத்து மாடத்தியின் திரை முன் உட்கார்ந்தான். “அவளோடது எப்படி இருந்துச்சு? இதுல எது வேற மாதிரி? ரெண்டு பேரும் சொல்லுங்க” என்றான்.

“மஞ்ச இம்புட்டு வெளிறி இருக்காது” என்றாள் மெகருன்னிசா. “மஞ்சத்தூள் கணக்கா இருக்கும்.”

“இல்லக்கா. அவ புரூஃப்ல பாத்த மஞ்சதான், இதே மஞ்ச.”

“ஏளா, நான் ஆறு வருசம் அவ பின்னாடி உக்காந்திருக்கேன்.”

“பின்னாடி உக்காந்தா வெயில்ல வெளிறித் தெரியும். நான் பக்கத்துல உக்காந்தவ.”

“வெயில்ல வெளிறிப் போகும்னா எனக்குத்தான வெளிறித் தெரியணும்? எனக்கு அடர்த்தியால்ல தெரிஞ்சுது?”

மாடத்தி யோசித்துவிட்டு விட்டுக்கொடுத்தாள். புகழேந்தி மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாக அடர்த்தியாக்கினான். போதும் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்ன இடத்தில் நிறுத்தினான். சிவப்புப் பத்தி பச்சையைவிட அகலமாக இருக்கும் என்றாள் மாடத்தி. முடிந்த வேலைக்குத்தான் இடம் நிறைய வேண்டும் என்பாளாம். அகலப்படுத்தினான். பட்டையில் முதலில் இருப்பது கால்குலேட்டரா காலண்டரா என்று இருவருக்கும் நினைவில்லை. அவனுக்கும் நினைவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டான்.

அம்பைப் பற்றி இருவரும் எதுவும் சொல்லவில்லை. அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கைக்குத் தவிர வேறு யார் கைக்கும் அது உதவாது.

திரையைப் படமாக எடுத்துக்கொண்டான். சிறுமியின் ஆதாரை ஒரு பென் டிரைவில் போட்டு மாடத்தியிடம் கொடுத்தான். பிறகு மற்ற எட்டையும் அழித்த பென் டிரைவை அந்த ஒன்பதாவதில் செருகினான்.

“அண்ணே, வேண்டாம்ணே.”

“இது அவளோடது இல்ல மாடத்தி. பாய்கிட்ட ஏழாம் நம்பரத்தான் கேட்டேன்.”

சதவீதம் ஏறத் தொடங்கியது. மெகருன்னிசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நூறு வந்தபோது மணி ஏழு, வண்டியும் வந்தது. பழைய சாமான் வியாபாரியின் ஆட்கள் ஒன்பதையும் இரண்டிரண்டாக இறக்கினார்கள். “என்னம்மா, ஐயரு மாதிரி பொட்டு வச்சிருக்கு” என்றான் ஒருத்தன்.  கடைசிப் பெட்டியை ஏற்றும்வரை புகழேந்தி படிக்கட்டில் நின்று பார்த்தான். ஒவ்வொன்றையும் பார்த்தான். அவற்றில் ஒன்று அவளுடையது.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் அவன் வந்துவிட்டான். புதுக் கம்ப்யூட்டர்களை மேசைகளில் ஏற்றிப் பூட்டினான். எல்லாவற்றிலும் பட்டை கீழே கிடந்தது. படக்குறிகள் நடுவில் ஒண்டிக்கொண்டிருந்தன. பட்டையைப் பிடித்து இடப்பக்கம் நிறுத்தப் பார்த்தான். புது விண்டோஸ் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பழையதில் இழுத்துவிட்டால் போய் நின்ற பட்டை இது. இணையத்தில் துழாவி, அதற்கென்று யாரோ எழுதியிருந்த சின்ன நிரல் ஒன்றைப் பிடித்து ஏற்றினான். எழுதியவன் எந்த நாட்டுக்காரன் என்று தெரியவில்லை. அவனுக்கும் யாரோ ஒருத்தியின் பட்டை இடப்பக்கம் வேண்டியிருந்திருக்கலாம்.

பட்டை எழுந்து இடது ஓரத்தில் நின்றது. அடர்ந்த மஞ்சளையும் பச்சையையும் அகலமான சிவப்பையும் பின்னால் போட்டான். குப்பைத் தொட்டியை மூலைக்கு நகர்த்தினான். இரண்டாம் மேசையில் மட்டும் மஞ்சளுக்குப் பதில் நீலம் வைத்தான்.

ஏழாம் மேசையைக் கடைசியாகச் செய்தான். மற்றவற்றில் செய்ததையெல்லாம் அதிலும் செய்துவிட்டு, அம்பைத் தேடிப் போனான். பழைய கோப்பு கிடைக்கவில்லை. இருந்த அம்பை எடுத்து, கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி, அவனே ஒன்று செய்தான். பொத்தான்களை இடம் மாற்றினான். மவுஸை மேசையின் இடப்பக்கம் வைத்து, இடது கையால் பிடித்தான். அவளுக்காக இதைச் செய்து கொடுத்த அன்றுகூட அவன் இடது கையால் பிடித்துப் பார்த்ததில்லை. அம்பு தத்தளித்தது. மஞ்சளிலிருந்து பச்சைக்கு ஒரு வெற்று ஃபோல்டரை இழுக்க மூன்று முறை தவறியது. நான்காவது முறை போய்ச் சேர்ந்தது. பச்சையிலிருந்து சிவப்புக்கு இரண்டாவது முறையிலேயே போனது. கை போகிற பக்கமே அம்பும் பார்த்தது.

பத்து மணிக்குப் பெண்கள் வந்தார்கள். புதுசு எப்படி இருக்குமோ என்று பேசிக்கொண்டே படியேறியவர்கள் கதவருகே பேச்சை நிறுத்தினார்கள். எட்டுப் பேரும் அவரவர் மேசைக்குப் போனார்கள். யாரும் எதையும் தேடவில்லை. ஒரே சமயத்தில் எட்டு அம்புகள் இடது ஓரத்துக்குப் போனதை அவன் பின்னாலிருந்து பார்த்தான். இரண்டாம் மேசையில் மெகருன்னிசா நீலத்தைப் பார்த்துவிட்டு முக்காட்டை இழுத்துக் கண்ணைத் துடைத்தாள்.

மாடத்தி ஏழாம் மேசை மவுஸை அசைத்துப் பார்த்தாள்.

“அண்ணே, இங்கன புதுப்பிள்ள ஒண்ணு தீபாவளி கழிச்சு வருதுன்னு பாய் சொன்னாக. இந்த அம்ப மாத்தணும்லா?”

“வர்ற பிள்ளை வேணும்னா மாத்திக்கிடட்டும். நான் மாத்தல.”

சிறிது நேரத்தில் அசன் முகம்மது மேலே வந்தார். வாசலில் நின்று ஒன்பது திரைகளையும் பார்த்தார். மஞ்சள், பச்சை, சிவப்பு. ஓரிடத்தில் நீலம்.

“ஏழாம் நம்பரையும் வண்டியில ஏத்திவிட்டுட்டியாமே. மெகருன்னிசா சொன்னா.”

“ஆமா பாய்.”

அவர் திரைகளை நோக்கிக் கையை வீசினார். “இது நல்லாருக்கேப்பா. எந்த வேலை எங்கன நிக்குதுன்னு இங்க நின்னு பாத்தாலே தெரியுது. யாரு டிசைன் இது?”

“பானு டிசைன்” என்றான் புகழேந்தி. அந்தப் பெயரை அவன் வாய்விட்டுச் சொல்லி எட்டு மாதம் ஆகியிருந்தது.

அசன் முகம்மது தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்ப ஒண்ணு சொல்றேன் கேளு. நம்ம பிள்ளைக நாலு பேரு நாலு பிரஸ்ஸுக்கு வேலையாப் போயிட்டு வர்றவளுக. பத்தாம் நாள் ஊரு பூரா இதுதான் இருக்கும்.”

“இருக்கட்டும் பாய்” என்றான்.